கேள்வி இருபத்தெட்டு

ஜனவரி 20, திங்கள்

என் ரூமுக்குக் கீழே லேத் பட்டறை எட்டு மணிக்கே ஓட ஆரம்பித்துவிட்டது. அடுகோடியில் அலாரம் வைத்துக்கொண்டு தூங்குகிறவன் முட்டாள்.

புது வேலை வந்திருக்கிறது. ஆனேக்கல் தாண்டி, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, கெம்புகுட்டே என்று ஒரு காடு. இருநூற்றுப் பத்து ஹெக்டேர். அங்கே சரக்குக் கிடங்குகள் வரவேண்டுமாம். திட்டத்துக்குப் பெயர் 'லாஜிஸ்டிக்ஸ் பார்க்'. காட்டை வெட்டி பார்க்.

கணக்கு எளிது. காட்டை எடுத்தால் வரும் லாபத்தை, காடு போனால் வரும் நஷ்டத்தால் வகுக்க வேண்டும். ஒன்றுக்கு மேலே வந்தால் காடு போகலாம். கீழே வந்தால் வேறு இடம் பார்க்க வேண்டும். அந்த நஷ்டத்தை ரூபாயில் சொல்வது எங்கள் கம்பெனியின் வேலை. விறகு, தீவனம், நிலத்தடி நீர், மண் அரிப்பு, கார்பன் எல்லாவற்றுக்கும் சூத்திரம் இருக்கிறது. ஒன்றுக்கு மட்டும் இல்லை: காடு சும்மா அங்கே இருப்பதற்கு மனிதர்கள் வைத்திருக்கும் மதிப்பு. அதை ஆட்களிடம் போய்த்தான் கேட்க வேண்டும். 'இந்தக் காடு அழியாமல் இருக்க உங்கள் குடும்பம் வருஷத்துக்கு எவ்வளவு கொடுக்கும்?' நான்கு கிராமம், 182 வீடு. சராசரி எடுத்து, சுற்றி இருபது கிலோமீட்டரில் இருக்கும் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் வீட்டால் பெருக்குவது. அதாவது ஒரு வீடு சொல்லும் பதில் எழுநூற்றுச் சொச்சம் வீட்டுக்காகப் பேசும்.

சர்வே முழுக்க என் பொறுப்பு. சீனிவாசராகவன் சார் (கம்பெனி அவருடையது) ரிச்சர்ட்ஸ் டவுன் ஆபீஸ் வாசலில் தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்றுகொண்டு சொன்னார்: "அசோகன், இதை நன்னா முடிச்சுக் கொடுத்தேள்னா ஹாலந்துக்கு லெட்டர் நான் எழுதறேன்."

மாஸ்டர்ஸ் அப்ளிகேஷனுக்கு அவருடைய பரிந்துரை வேண்டும். மே 1 கடைசி. மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டு வேலை செய்தால் போதும். வேலை செய்வேன். வாயைத்தான் சொல்ல முடியாது.

ஜனவரி 29, புதன்

டேப்லெட்டில் ஃபார்ம் தயார். 34 கேள்வி. இன்று காட்டோரக் கிராமமான குட்டேபாளையாவில் ஐந்து வீட்டில் வெள்ளோட்டம். வீட்டுக்கு நாற்பது நிமிடம் ஆகிறது. இந்த வேகத்தில் போனால் நாங்கள் முடிப்பதற்குள் காடு வயதாகிச் செத்துவிடும்.

நேரத்தை இழுப்பது 28ஆம் கேள்வி. 27இல் 'எவ்வளவு கொடுப்பீர்கள்' என்று கேட்கிறோம். பூஜ்யம் என்றால் 28 திறக்கும்: 'ஏன்?' மூன்று காரணம்: ஒன்று, கையில் காசு இல்லை; இரண்டு, காட்டால் எனக்குப் பயன் இல்லை; மூன்று, நான் ஏன் கொடுக்க வேண்டும், கேள்வியே தப்பு. கீழே, அவர்கள் சொன்னதை அப்படியே எழுத ஒரு கட்டம். மூன்றாவது காரணம் சொன்னவர்களைச் சராசரியிலிருந்து எடுத்துவிட வேண்டும். எதிர்ப்புப் பூஜ்யம் என்று பெயர். மதிப்பு பூஜ்யம் என்று அவர்கள் சொல்லவில்லை; பதில் சொல்ல மறுக்கிறார்கள். பாடப்புத்தகத்தில் ஒரு முழுப் பக்கம் வரும். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

ஆனால் 28 என்று கேட்டதும் ஜனங்கள் கதை சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள். கட்டம் நிரம்பாமல் ஃபார்ம் நகராது. அதனால் அந்தக் கேள்விக்கு இருந்த சிவப்பு நட்சத்திரத்தை, கட்டாயக் குறியை, எடுத்துவிட்டேன். வீட்டுக்கு ஒன்பது நிமிடம் மிச்சம்.

மேப் வேலை பார்க்கும் ரக்ஷிதா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "பேடா மாராயா, அத எடுக்காத."

"டிரெய்னிங்ல சொல்லிக் குடுத்தா தானா நிரப்புவாங்க."

"யாரு நிரப்புவா? நீயா? நீ லிஃப்ட் வர்றதுக்குள்ள நாலு தடவ பட்டன அமுக்கற ஆளு."

சிரித்தேன்.

பிப்ரவரி 8, சனி

பதினெட்டு வீடு. வெயில். பைக் டயரில் கருவேல முள். மதியம் ஒரு பன், ஒரு டீ.

பன்னிரண்டாவது வீட்டில் தனக்கோடி என்று ஓர் அம்மா. ஐம்பது இருக்கும். ஆடு மேய்க்கிறார், துடைப்பப்புல் அறுக்கிறார், சீசனில் புங்கங்கொட்டை பொறுக்குகிறார். வீட்டுக்காரர் பொம்மசந்திராவில் லோடிங் வேலை. பக்கத்து வீட்டுப் பெண்ணோடு கன்னடமும் தெலுங்கும் பேசிக்கொண்டிருந்தவர் நான் வாயைத் திறந்ததும் தமிழுக்கு மாறிவிட்டார்.

"எந்தூரு சார் நீ?"

"கேஜிஎஃப்."

"தங்கவயலா! அங்க தோண்டி முடிச்சிட்டு இப்ப எங்க காட்டாண்ட வந்துட்டீங்களா?"

பக்கத்து வீட்டுப் பெண் கன்னடத்தில் அர்த்தம் கேட்டுச் சிரித்தாள்.

வாரத்துக்கு விறகு எத்தனை கிலோ என்று கேட்டேன். "ஒரு கட்டு. எடபோட நான் இன்னா காயலாங்கடையா வெச்சிருக்கறன்?" பதினைந்து கிலோ என்று போட்டுக்கொண்டேன்.

27 வந்தது. அந்த அம்மா கையிலிருந்த புல்கட்டைக் கீழே வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். நீளமாக. டேப்லெட்டில் சார்ஜ் ஒன்பது சதவீதம், இன்னும் ஆறு வீடு. நடுவில் இரண்டு தடவை "எழுதிக்கோ" என்றார். எழுதுகிற மாதிரி டேப்லெட் கண்ணாடியில் விரலை ஆட்டினேன். முடித்துவிட்டு, "அவ்ளோதான். எழுதிக்கிட்டியா?" என்றார். தலையாட்டினேன்.

பூஜ்யம். அடுத்த வீடு.

என்ன சொன்னார்? வீட்டுக்காரன் என்று ஏதோ வந்தது. ஏலம் என்றாரா? ஞாபகமில்லை. தூக்கம் வருகிறது.

பிப்ரவரி 10, திங்கள்

சர்வே இரண்டு நாள் முன்னதாகவே முடிந்தது. சார் எல்லாரும் இருக்கும்போது "குட் ஜாப், அசோகன்" என்றார். ரக்ஷிதாவைப் பார்த்தேன். அவள் மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 6, வியாழன்

இன்று டேட்டாவைத் துடைக்க உட்கார்ந்தேன்.

182 வீடு. பூஜ்யம் சொன்னது 131. அந்த 131இல் 28ஆம் கேள்வி நிரப்பியிருப்பது பன்னிரண்டு. நூற்றுப் பத்தொன்பது கட்டம் வெறுமை. யார் யார் வெறுமையாக விட்டார்கள் என்று ஐடி வாரியாகப் பிரித்தேன். நாலு பேர் போனோம். மற்ற மூன்று பேரும் சேர்ந்து 78. நான் ஒருவன் மட்டும் 41.

காரணம் இல்லாத பூஜ்யத்தை எதிர்ப்புப் பூஜ்யம் என்று எடுக்க முடியாது. விதி அது. அது வெறும் பூஜ்யம். காடு இருந்தால் என்ன, போனால் என்ன என்று அந்த வீடு சொன்னதாக அர்த்தம்.

இரண்டு விதமாகவும் ஓட்டிப் பார்த்தேன். 119ஐயும் உள்ளே வைத்தால் விகிதம் 1.21. வெளியே எடுத்தால் 0.91.

அதாவது காடு போவதும் நிற்பதும் நான் எடுத்த ஒரு நட்சத்திரத்தில் இருக்கிறது. வீட்டுக்கு ஒன்பது நிமிடம். ஒன்பது நிமிடத்தை மிச்சம்பிடித்து நான் என்ன செய்தேன்? ஒன்றுமில்லை. ரூமுக்கு வந்து கிரிக்கெட் பார்த்தேன்.

மார்ச் 7, வெள்ளி

சாரிடம் சொல்லிவிட்டேன். அவர் கதவைச் சாத்தினார். கோபப்படுவார் என்று நினைத்தேன், படவில்லை. பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"திரும்பப் போய்க் கேட்கலாம் சார். நாலு நாள் குடுங்க."

"யாரு கொடுப்பா? வந்த நம்பரை வெச்சு டிராஃப்ட் போன வாரமே கிளையண்ட்டுக்குப் போயாச்சு."

"அது தப்பான நம்பர் சார்."

"தப்பில்லே. முழுமையில்லாத நம்பர். எந்த நம்பர் முழுமை, சொல்லுங்கோ?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாம இல்லேன்னா காட்டுக்கு என்ன போடுவா தெரியுமோ? மரத்தை எண்ணி விறகு விலை போடுவா. அவ்வளவுதான். நாம போய் ஏதோ ஒரு நம்பரை உள்ளே நுழைக்கறோம். முப்பது வருஷமா இதைத்தான் பண்ணிண்டிருக்கேன்."

அவர் சொன்னதில் பாதி உண்மை. அதுதான் எரிகிறது.

எழுந்து கதவு வரை வந்தபிறகு மெதுவாகக் கேட்டார்: "அந்த ஸ்டாரை யாரு எடுத்தா?"

"நான்."

"ம்."

மார்ச் 9, ஞாயிறு

லீவு நாளில் எங்கே போகவேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்ல முடியாது. நேற்றும் இன்றும் பைக்கில் போனேன். டேப்லெட் இல்லை. கோடு போட்ட நோட்டு. 119 வீட்டுக்கும் ஒரே கேள்வி: அன்றைக்கு ஒன்றும் கொடுக்கமாட்டேன் என்று சொன்னீர்கள், ஏன்?

"மொதல்ல சொன்னத தொலச்சிட்டியா?" என்றார் ஒரு பெரியவர்.

"ஆமாங்க."

"நல்லா இருக்குதே! நீ தொலச்சா நான் மறுபடி பேசணுமா? பேசறதுக்கு இன்னா குடுப்ப?"

கேட்டுவிட்டு, சொன்னார். பெரும்பாலோர் சொன்னார்கள். வேறுவேறு வார்த்தை, ஒரே விஷயம்: அது எங்களுது, நாங்க எதுக்குக் குடுக்கணும்? மூன்றாவது காரணம். மூன்றாவது. மூன்றாவது. எழுதி எழுதி விரல் நோகிறது. இந்த வலி பிப்ரவரியில் வந்திருக்க வேண்டும்.

தனக்கோடி வீட்டுக்கு இன்று சாயங்காலம் போனேன். ஆட்டை உள்ளே ஓட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அன்னைக்குத்தான் நிறுத்தி நிறுத்திச் சொன்னனே."

"மறுபடி ஒருவாட்டி சொல்லுங்கக்கா."

"எழுதிக்கிட்டன்னியே. அதப் படி."

கையிலிருந்த நோட்டை மூடினேன்.

"படி சார். கேக்கறன்."

"எழுதலக்கா."

"அப்ப என் பேருக்கு நேரா இன்னா போட்ட?"

"பூஜ்யம்."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. ஓர் ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். உள்ளேயிருந்து பேச்சு மட்டும் வந்தது: "அதானே போட்டுட்ட. போ. ரெண்டாந்தடவ பேசறதுக்கு நான் இன்னா ரேடியோவா?"

நோட்டில் அவர் பெயருக்கு நேராக இப்போதும் ஒன்றுமில்லை.

மார்ச் 16, ஞாயிறு

இரண்டாவது வாரம் காரியம் கெட்டுவிட்டது. புதன்கிழமை ஜீப்பில் ஒருவன் வந்து ஊரெல்லாம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்: சர்வேக்காரனிடம் எவ்வளவு சொல்கிறீர்களோ அவ்வளவு நஷ்டஈடு கைக்கு வரும்.

"எனக்கு அஞ்சு லட்சம் போட்டுக்கோ சார். எங்கண்ணனுக்கு ரெண்டு போதும், அவன் குடிச்சே தீத்துருவான்."

அண்ணன் பக்கத்திலேயே நின்றிருந்தான். "டேய், எனக்கு ஆறு."

லட்சத்தில் சொன்ன பதினொரு வீட்டை எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று வீடு பூட்டு. தனக்கோடி பேசவில்லை. மிச்சம் 104 வீடும் மூன்றாவது காரணம். அவற்றை மட்டும் வெளியே எடுத்தால் 0.98.

ஒன்றுக்குக் கீழே. நூற்றில் இரண்டு பங்கு கீழே. ஆனால் கீழே.

மார்ச் 17, திங்கள்

நோட்டைச் சாரிடம் கொடுத்தேன். நாற்பது நிமிடம் ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். உண்மையிலேயே படித்தார். அப்புறம் சொன்னார்: ஒரே ஆள் போயிருக்கிறான், அவனுக்கு என்ன பதில் வேண்டும் என்று அவனுக்கே தெரியும், நடுவில் ஊரில் வதந்தி வேறு. இதை எந்தக் குழுவும் ஏற்காது.

அவர் சொன்னது சரி. வேறொருவன் இப்படி ஒரு நோட்டைக் கொண்டுவந்திருந்தால் நானே கிழித்துப் போட்டிருப்பேன்.

"அனெக்சர் ஒன்பதுல போட்டுடறேன், அசோகன். வீணாகாது."

அனெக்சர் எட்டு, கணக்கெடுத்த பறவைகளின் பட்டியல். அதையே யாரும் படித்ததில்லை.

மார்ச் 24, திங்கள்

ரிப்போர்ட் போய்விட்டது. 1.21. நான்காம் பக்கத்தில் என் பெயர்.

ஏப்ரல் 14, திங்கள்

ஜெயந்திக்கு ஊரில், தங்கவயலில், இருக்கிறேன். மாரிக்குப்பம் ஸ்டேஷனிலிருந்தே நீலக்கொடி. தெருவுக்குத் தெரு மைக், பாயசம், பறை. காற்று அடிக்கும்போதெல்லாம் சுரங்கக் கழிவைக் கொட்டிய சயனைடு மேட்டுத் தூசி பாயசத்திலும் விழுகிறது. யாரும் கவலைப்படவில்லை. நானும் குடித்தேன்.

அப்பாவுக்கு இன்று லீவு. பொம்மசந்திராவில் ஒரு பம்பு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. விடிவதற்கு முன்னால் ரயில் ஏறினால் இரண்டு பஸ் மாறி ஒன்பது மணிக்கு கேட். சுரங்கத்துக்குள் இறங்கிய காலத்தில் வீட்டிலிருந்து வேலைக்குப் பத்து நிமிடம் என்று சொல்லிக் காட்டுவார்.

"காட்டுக்கே வெல போட்டுட்டியாமே? ஷோபா சொன்னா." ஷோபா என் அக்கா. எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள். "உன் பேரு போட்டிருக்கறாங்களா புக்குல?"

"போட்டிருக்கறாங்க."

"காட்டு."

போனில் பிடிஎஃப்பைத் திறந்து கொடுத்தேன். நான்காம் பக்கத்தைக் கண்டுபிடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, எழுத்துக் கூட்டி ஆங்கிலத்தில் படித்தார்: கள ஆய்வுப் பொறுப்பு, அசோகன். அதைத் தன் போனில் போட்டோ எடுத்தார். பாயசம் வாங்கப் போகிற வழியில் நான்கு பேரிடம் காட்டினார். "நம்ம பையன். கவர்மென்டு புக்குல வந்திருக்குது."

"அது கவர்மென்டு புக்கு இல்லப்பா."

"கம்முனு இருடா."

அவர் சட்டைப் பையில் போன் வெளிச்சம் எரிந்து எரிந்து அணைவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒவ்வொருவராக வாழ்த்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எனக்குச் செத்துவிடலாம் போல — இல்லை, அப்படியெல்லாம் இல்லை. எழுந்து போய்விடலாம் போல இருந்தது. எழுந்து போகவும் இல்லை. இன்னொரு டம்ளர் வாங்கிக் குடித்தேன்.

ஏப்ரல் 16, புதன்

காட்டைக் கொடுக்கலாமா என்று முடிவுசெய்யும் மதிப்பீட்டுக் குழுவுக்கு நேரடியாக மெயில் போட்டேன். ஃபார்மில் நான் செய்த மாற்றம், 119 வெற்றுக் கட்டம், 1.21, 0.91, 0.98, மூன்றும். அனெக்சர் ஒன்பதைப் பாருங்கள் என்று பக்க எண்ணோடு. சாருக்கும் ஒரு பிரதி. ஒளித்துச் செய்கிற வேலை எனக்கு வராது.

காட்டுக்காகவா எழுதினேன்? அந்த அம்மாவுக்காகவா? இல்லை அப்பா போனில் இருக்கும் அந்தப் போட்டோவுக்காகவா? தெரியவில்லை. மெயில் போய்விட்டது, அது போதும்.

ரக்ஷிதா டீக்கடையில் கேட்டாள்: "ஹாலந்து லெட்டர் வாங்கிட்டு இத அனுப்பியிருக்கலாம் இல்ல? பதினஞ்சு நாள் பொறுக்க முடியலயா உனக்கு?"

முடியவில்லை. பொறுக்க வேண்டிய இடத்திலும் பொறுப்பதில்லை, பொறுக்கக் கூடாத இடத்திலும் பொறுப்பதில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

சார் "குட் மார்னிங்" என்றார்.

மே 2, வெள்ளி

பல்கலைக்கழகத்திலிருந்து தானியங்கி மெயில். 'உங்கள் விண்ணப்பம் முழுமையடையவில்லை. கட்டாயப் பகுதி ஒன்று (பரிந்துரைக் கடிதம்) நிரப்பப்படாததால் பரிசீலிக்க இயலாது.'

அவர்கள் நட்சத்திரத்தை எடுக்கவில்லை. நல்ல ஃபார்ம்.

மே 20, செவ்வாய்

கோடை மழை. ஆபீஸ் மரத்தின் கிளை ஒன்று முறிந்து சாருடைய கார் கூரையில் விழுந்தது. மரத்தையே எடுத்துவிடலாம் என்றார் வாட்ச்மேன். சாருக்கு முகம் சிவந்துவிட்டது: "என்ன பேசறேள்? இதுக்கெல்லாம் விலை உண்டா?"

யாரும் சிரிக்கவில்லை. நானும்தான். அவர் மனசாரத்தான் சொன்னார்.

மே 31 இந்த ஆபீசில் எனக்குக் கடைசி நாள். கான்ட்ராக்ட் புதுப்பிக்கவில்லை. ஹெச்.ஆர். பேப்பரில் 'திட்டம் நிறைவு' என்று போட்டிருக்கிறார்கள்.

ஜூன் 19, வியாழன்

குழு கூப்பிட்டிருந்தது. நீள மேஜை, ஐந்து பேர், ஆளுக்கு ஒரு தட்டு முந்திரி பிஸ்கட். என்னைக் கடைசி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். மூன்று ராத்திரி தயார்செய்த பிரிண்ட் அவுட் கையில்.

நடுவில் இருந்தவர் என் மெயிலை முழுக்கப் படித்திருந்தார். அது முதலில் சந்தோஷமாக இருந்தது.

"இந்த ஃபார்ம செஞ்சது யாரு?"

"நான்தான் சார்."

"கட்டாயக் குறிய எடுத்தது?"

"நான்."

"ஜனங்க காரணம் சொன்னாங்க. நீங்க பதியல."

"ஆமா சார். அந்த ஒரு கேள்விய மட்டும் —"

"அப்ப இந்த சர்வே நம்பத்தகுந்தது இல்லேன்னு, செஞ்சவரே எழுத்துல குடுத்திருக்கறார்." இதை அவர் என்னிடம் சொல்லவில்லை, பக்கத்தில் குறிப்பு எடுப்பவரிடம் சொன்னார்.

"அனெக்சர் ஒன்பது பாருங்க சார். நூத்து நாலு வீடு —"

"தம்பி, மொதல் தடவ தப்பா கேட்டீங்க. ரெண்டாந்தடவ தனியா போய் கேட்டீங்க. எத நம்பறது?"

நான்கு நிமிடம்தான். சர்வே பகுதியை மொத்தமாக நீக்கச் சொல்லிவிட்டார்கள். ஜனங்கள் வைத்திருக்கும் மதிப்பு என்ற வரியே இனி கணக்கில் கிடையாது. 182 வீடும் இல்லை. பணம் கொடுப்பேன் என்று சொன்ன 51 வீடும் இல்லை. மிச்சம் இருப்பது விறகு, தண்ணீர், மண், கார்பன். வாசலில் நின்று போனிலேயே வகுத்துப் பார்த்தேன்.

1.46.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் 1.21.

என்னத்துக்குடா எழுதுன. என்னத்துக்கு எழுதுன நீ.

ஜூன் 20, வெள்ளி

சார் போன் செய்தார். திட்டுவதற்காக இல்லை. "கேள்விப்பட்டேன். நான் ஏதோ ஒரு நம்பரை உள்ளே வெச்சிருந்தேன் அசோகன். இப்போ அதுவும் இல்லே." அப்புறம் "சாப்பிட்டேளா?" என்றார்.

இந்த மனிதரை முழுசாக வெறுக்கக்கூட விடமாட்டேன் என்கிறார்.

ஆகஸ்ட் 11, திங்கள்

புது வேலை, பொம்மசந்திராவில். தொழிற்சாலைகளின் கழிவுநீர் டேட்டாவுக்கு ஃபார்ம் செய்து தருவது. எல்லாக் கேள்விக்கும் கட்டாயக் குறி போடுகிறேன். ஆபரேட்டர்கள் என்னை வைகிறார்கள் என்று மேனேஜர் சொன்னார். வையட்டும்.

அப்பா வேலை செய்யும் கேட் அடுத்த தெருவில். மதியம் சில நாள் சேர்ந்து சாப்பிடுகிறோம். 'ஹாலந்து எப்ப?' என்று அவர் கேட்பதை நிறுத்திவிட்டார்.

செப்டம்பர் 26, வெள்ளி

கெம்புகுட்டேக்கு அனுமதி கிடைத்துவிட்டது. ரக்ஷிதா செய்தி அனுப்பினாள். கீழே ஒரு வரி: 'நோட்டு இன்னும் சார் டிராயர்லதான் இருக்கு. தூக்கிப் போடல.'

நவம்பர் 18, செவ்வாய்

காலை ஒன்பதேகால். ஆடி மாதத்திலேயே முடியவேண்டிய பள்ளம் இன்னும் மூடவில்லை, ஹோசூர் ரோட்டில் பஸ் அசையவில்லை. தெரியாத நம்பரிலிருந்து போன்.

"சர்வே சாரா? குட்டேபாளையா தனக்கோடி பேசறன்."

பிப்ரவரியில் வீடு வீடாகக் கொடுத்த சம்மதச் சீட்டில் என் நம்பர் அச்சடித்திருந்தது. ஒன்பது மாதமாக வைத்திருந்திருக்கிறார்.

"காட்டுல மரத்துக்கெல்லாம் நம்பர் போடறாங்க தம்பி. பட்டையச் சீவிட்டு, பெயின்ட்ல. என் ஆட்டுப்பட்டியாண்ட நிக்கற புங்கமரத்துக்கு ரெண்டாயிரத்து நூத்துப் பதினாலு. காப்பாத்தறதுக்குத்தான் நம்பருன்னு ஊர்ல ஒருத்தன் சொல்லிட்டுத் திரியறான். நெசமா?"

தெரியாது என்று சொல்லலாம். விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லலாம்.

"வெட்டறதுக்குத்தாங்கக்கா."

அந்தப் பக்கம் ஏதோ ஓர் ஆட்டை அதட்டினார்.

"இந்தவாட்டி யாரும் ஒண்ணும் கேக்கல," என்றார். "அவங்க பாட்டுக்குப் போட்டுக்கினே போறாங்க."

"அக்கா, அன்னைக்கு நீங்க சொன்னத இப்ப சொல்றீங்களா? எழுதிக்கறேன்."

"எழுதி? காட்டத் திருப்பிக் குடுப்பியா?"

"இல்லக்கா. ஒண்ணும் ஆகாது. எங்கிட்ட இருக்கட்டும்."

"பேனா இருக்குதா? அந்தக் கண்ணாடிப் பலகைல வெரலாட்டற வேலையெல்லாம் வேணாம்."

பார்த்திருக்கிறார். அன்றைக்கே பார்த்திருக்கிறார்.

பையில் இந்த டைரி நோட்டுதான் இருந்தது. கம்பியில் சாய்ந்து நின்றபடி இதிலேயே எழுதினேன். கையெழுத்து ஆடியிருக்கிறது. திருத்தி எழுதப் போவதில்லை.

கேள்வி 28:

"வாடக கேக்கறவன்தான் வீட்டுக்காரன். எங்க காட்டுக்கு எங்கிட்டயே காசு கேக்க நீ யாரு? சரி, கேட்டுட்ட. நான் அஞ்சு ரூபான்னு சொல்றன்னு வெச்சிக்க. சொன்ன அந்த நிமிசமே அது ஏலத்துக்கு வந்துடுது. நாளைக்கு ஒருத்தன் அம்பது ரூபா தர்றன்னு வருவான். அவன்கிட்ட இருக்குது, தருவான். நீ அவனுக்குக் குடுத்துடுவ. கேட்டா, உன்னையும்தான் கேட்டோம், நீ கம்மியாச் சொன்னன்னுவ. அதனால நான் ஒரு ரூபா கூட சொல்லமாட்டன். இல்லாம சொல்லல. வேணாம்னு சொல்லல. சொல்லமாட்டன். எழுதிக்கோ."

"எழுதிட்டேங்கக்கா."

"படி."

பஸ்ஸில் நின்றுகொண்டு சத்தமாகப் படித்தேன். முன்சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். முழுக்கப் படித்து முடித்தேன்.

"அஞ்சு இல்ல," என்றார். "அன்னைக்குப் பத்து ரூபான்னு சொன்னன். சரியா எழுது."

அடித்துவிட்டு, மேலே பத்து என்று எழுதினேன்.